முன்னூறா, ஆறரையா?

"இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கு" என்றாள் லோர்னா. "ரெண்டு மணிக்கு எங்கப்பா ஜட்ஜ் முன்னாடி நின்னு, 'ஆமா, நான்தான் கொன்னேன்'னு சொல்லப் போறார். சொல்லிட்டா இருபது வருஷம். அவருக்கு இப்பவே அறுபத்தாறு. நீங்களே கூட்டிப் பாத்துக்கோங்க."

கூட்டிப் பார்க்கவே வேண்டாம். வயோமிங் சிறையிலிருந்து எண்பத்தாறு வயதில் நடந்து வெளியே வந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

கோர்ட் வாசலில் நின்ற அவளுடைய பிக்கப் வண்டிக்குள் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஹீட்டர் செத்து இரண்டு வருடமாம். கண்ணாடிக்கு வெளியே அக்டோபர் பனி பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. லோர்னா பெரிய எவர்சில்வர் ஃபிளாஸ்க்கைத் திறந்து எங்களுக்குக் காபி ஊற்றினாள். அதன் மூடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. பென்சிலில் '500 – 5, 600 – 8' என்று எழுதியிருந்தது. மிச்சத்தை அவள் கையுறை மறைத்தது.

"பஸ் கணக்கா?" என்று கேட்டேன். லோர்னா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். "ஐந்நூறாம் நம்பர் வீட்டுல அஞ்சு பிள்ளைங்க, அறுநூறுல எட்டா? அந்த மகராசியை ஒரு தடவை பாத்துக் கும்பிட்டுட்டு வரணும்."

"லைல், வாயை மூடிட்டு காபியைக் குடி" என்றார் நார்மா.

இதை அவர் ஒரு நாளைக்குப் பதினைந்து முறை என்னிடம் சொல்வார். நார்மா கிட்ரிஜ் வேட்டைத்துறையில் இருபத்தெட்டு வருடம் வார்டனாக மலை மலையாக ஏறி இறங்கியவர். ஓய்வு பெற்றபின் துப்பறியும் வேலை. நான் அவருடைய உதவியாளன் லைல் டிப்பெட்ஸ். வண்டி ஓட்டுவேன், பை தூக்குவேன், கேட்காத இடத்தில் பேசுவேன்.

வழக்கு இதுதான். மூன்று வாரத்துக்கு முன்பு, வேட்டை சீசனின் முதல் காலை. லோர்னாவின் அப்பா ஆரின் ஸ்டாட்லர் எதிர்மலையில் நின்ற ஓர் எல்க் மானைக் குறி பார்த்தார். தூரம் அறுநூற்று நாற்பது கெஜம். ஒரே ஒரு வெடி. குண்டு மானின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து, பின்னால் மரங்களுக்குள் நின்றிருந்த அவருடைய தம்பி டெல்லின் நெஞ்சைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது; குண்டு கிடைக்கவே இல்லை. பண்ணையை விற்பதா வேண்டாமா என்று அண்ணனும் தம்பியும் ஒரு வருடமாக முட்டிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும்.

அரசு வக்கீலின் வாதம் மொத்தமும் ஒரே வரி. 'ஆரின் ஸ்டாட்லர் குறி தப்பமாட்டார்.' அந்தத் தூரத்தில் பலகாரத் தட்டை வைத்தாலும் அடிக்கிற மனிதர், குதிரை அளவு மானை விட்டுவிட்டுத் தம்பியை அடித்திருக்கிறார் என்றால் வேறென்ன அர்த்தம் என்று கேட்டார். ரெட் ஃபோர்க் ஊரில் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. ஆரினும் அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை.

"ஆனைக்கும் அடி சறுக்கும். ஏன் சறுக்குச்சுன்னு துப்பாக்கிக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் நார்மா. கோப்பையை லோர்னாவிடம் திருப்பிக் கொடுத்தார். "நீ இங்கயே இரு. வர்றோம்."

*

சாட்சிப் பொருள் அறை கோர்ட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே போக அனுமதி வாங்குவதற்குள் மதியம் ஆகிவிட்டது. காவலுக்கு டெப்யூட்டி ராஸ்மசன். மேஜையில் பாதி தின்ற பரிட்டோ.

"பத்து நிமிஷம். எதையும் உடைக்கக் கூடாது" என்றார் அவர். "முக்கியமா இவன் எதையும் தொடக் கூடாது."

"நான் தொட்டா அந்த பரிட்டோவை மட்டும்தான் தொடுவேன்" என்றேன்.

சீல் வைத்த பிளாஸ்டிக் பையைப் பிரித்துத் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார். கூடவே ஆரினின் தோல் பெல்ட். அதில் தோட்டா செருக ஐந்து வளையம். நான்கில் தோட்டா இருந்தது, ஒன்று காலி.

நார்மா துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை. பெல்ட்டை ஜன்னலோரம் கொண்டுபோனார். "லைல், இதென்ன காலிபர்?"

"முன்னூறு மேக்னம்" என்றேன். "ஆரினுக்கு வேறெதுவும் ஆகாதே."

காலிபர், அதாவது குழல் துளையின் அளவு, என்கிற விஷயத்தில் நான் வித்துவான். ஆறு வருடம் துப்பாக்கிக் கடையில் நின்றவன். சீசன் நெருங்கினால் தினமும் பத்துப் பேர் வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். 'எல்க்கை அறுநூறு கெஜத்துல அடிக்க எந்த காலிபர் வாங்கலாம்?' முன்னூறு என்றால் அங்குலக் கணக்கு, கனத்த குண்டு, நிறைய வெடிமருந்து, தோளில் கோவேறு கழுதை உதைத்த மாதிரி உதை. ஆறரை என்றால் மில்லிமீட்டர் கணக்கு, மெலிந்த குண்டு, மெல்லிய உதை. 'பாதிப் பேர் முன்னூறை வாங்கிட்டு, உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கிட்டு சுடறீங்க. ஆறரையை வாங்குங்க, கிட்டப் போய் சுடுங்க, மிச்சக் காசுக்குப் பழகுங்க' என்று நான் உண்மையைச் சொன்னேன். அவ்வளவுதான், முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இந்த ஊரில் ஆறரை வைத்திருப்பவன் அதை உறைக்குள் போட்டுத்தான் எடுத்துப்போவான். காரணம், டைனர் என்கிற சாப்பாட்டுக்கடையில் மூலை மேஜைக்குத் தலைமை வகித்த ஆரின்தான். 'ஆறரையா? அதை வச்சு எல்க்கை அடிக்க முடியாதுடா, கிச்சுக்கிச்சுதான் மூட்டலாம்' என்பார். மேஜையே சிரிக்கும். நானும் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"ஒரு தோட்டாவை உருவு" என்றார் நார்மா.

உருவ வரவில்லை. முறுக்கி இழுத்தபின் வந்தது. பித்தளையைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று களிம்பு.

"தோல்ல ரெண்டு சீசனா ஊறியிருக்கு" என்றேன். "சும்மா அழகுக்குக் கட்டியிருக்கார்."

"ஒண்ணை எடுத்து சுட்டிருக்காரே" என்றார் ராஸ்மசன். "அந்த வளையம் காலியா இருக்கே."

நார்மா காலி வளையத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். உள்ளே காய்ந்துபோன சிலந்திக் கூடு.

"இந்த அறையில சிலந்திக்கு என்ன குறைச்சல்?"

"சீல் வச்ச பைக்குள்ள எந்த வழியாப் போச்சு? உன்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டா போச்சு?"

ராஸ்மசன் பரிட்டோவை எடுத்துக் கீழே வைத்தார்.

"அன்னிக்குக் காலையில அந்த வளையத்துல தோட்டாவே கிடையாது" என்றார் நார்மா. "பெல்ட்டுல இருக்கறது எதுவும் இந்தத் துப்பாக்கிக்குள்ள போகல."

எனக்கு என்ன தோன்றியதோ, கையிலிருந்த தோட்டாவின் மூக்கை அப்படியே குழல் வாயில் வைத்தேன். முன்னூறு குழலாக இருந்தால் குண்டு ஏறக்குறைய முழுசும் உள்ளே போய் உட்காரும். இது பாதியில் முட்டிக்கொண்டு நின்றது.

"பாஸ்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இது முன்னூறு இல்ல. குழலையே மாத்தியிருக்கார். இது ஆறரை!"

குழலில் எங்கேயும் முத்திரை இல்லை. ஆனால் ஸ்கோப் என்கிற குறிக்கண்ணாடியின் தலையில் இருந்த டயல் பழையதேதான். அதில் கெஜக் கணக்கு வரிசையாகப் பொறித்திருந்தது, ஓரத்தில் கொட்டை எழுத்தில் 300 மேக்னம் என்று இருந்தது. மான் அறுநூற்று நாற்பதில் நின்றால் டயலை அறுநூற்று நாற்பதுக்குத் திருகிவிட்டுச் சுட வேண்டியதுதான். குண்டு வழியில் எவ்வளவு தாழும் என்பதை அந்த டயல் பார்த்துக்கொள்ளும். எந்தத் தோட்டாவுக்காகப் பொறித்தார்களோ அதற்கு மட்டும்.

"முன்னூறு டயலை வச்சு ஆறரை குண்டை அந்தத் தூரத்துல சுட்டா என்ன ஆகும்?" என்றார் நார்மா.

"ஓரடிக்கும் அதிகமா கீழ இறங்கும். நெஞ்சைப் பாத்து சுட்டா வயித்துக்குக் கீழ போகும்." நான் மேஜையைத் தட்டினேன். "பாஸ், குறி தப்பல! டயல்தான் தப்பு! இது விபத்து! வாங்க, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுவோம்!"

"உக்காருடா" என்றார் ராஸ்மசன். பாவம், அவருக்கே சொல்லப் பிடிக்கவில்லை. "நாப்பது வருஷ வேட்டைக்காரர். குழலை மாத்தினவருக்கு டயலை மாத்தணும்னு தெரியாதா? தெரிஞ்சு சுட்டார்னுதான் வக்கீல் சொல்லுவான்."

அது சரிதானே. நான் உட்கார்ந்துவிட்டேன்.

நார்மா மட்டும் துப்பாக்கிக் கட்டையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் வைக்கிற இடத்தில், எண்ணெய் மினுக்குக்கு நடுவே, விரல் நீளத்துக்கு ஒரு செவ்வகம் மட்டும் மங்கலாக இருந்தது. தொட்டுப் பார்த்தார். லேசாகப் பிசுபிசுத்தது.

"இங்க ஏதோ ஒட்டியிருந்திருக்கு" என்றார். "டயலுக்கு மேல எத்தனை சேக்கணும்னு எழுதின சீட்டு. சுடறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாத்துக்க. அதை யாரோ பிச்சிருக்காங்க."

*

ஆரினை வைத்திருந்த அறை அதே தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. வழுக்கைத் தலை, ஆரஞ்சு நிறக் கைதி உடை. வேட்டைக்குப் போகும்போதும் அதே நிறத்தைத்தான் மாட்டுவார்.

"உனக்கு இங்க என்ன வேலை, நார்மா?" என்றார்.

"குழலை எங்க மாத்தின?"

ஆரின் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "மோன்டானாவுல" என்றார். "இங்க மாத்தினா சாயங்காலமே டைனர்ல எனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியிருப்பானுங்க. மார்ச்ல தோள்ல ஆபரேஷன். இனிமே முன்னூறு உதைச்சா கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியாதுன்னுட்டார் டாக்டர்."

"வாரறதுக்கு அங்க என்ன இருக்கு?" என்றேன். பழக்க தோஷம்.

"லைல்" என்றார் நார்மா. "டயலை ஏன் மாத்தல, ஆரின்?"

"புது டயல்ல ஆறரைன்னு பொறிச்சுத்தான் தருவான். பக்கத்துல நிக்கறவன் கண்ணுல படாதா?"

"அதனால டேப்புல கணக்கு எழுதிக் கட்டையில ஒட்டின."

ஆரின் கட்டைவிரலால் கன்னத்தைத் தேய்த்தார்.

"அதைப் பிச்சது யாரு?"

"நான்தான்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

"ஏன்?"

"பிச்சேன், அவ்வளவுதான். எழுதிக்கோ. ரெண்டு மணிக்கு அதையும் சேத்து ஒத்துக்கறேன்."

நார்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "கைத்தடி வச்சு நடக்கறவன் அதை எடுத்துத் தானே அடுப்புல வைப்பானா? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தோள் ஆபரேஷனுக்கு அப்புறம் உன் துப்பாக்கியைத் துடைச்சு எண்ணெய் போட்டுக் குடுக்கறது யாரு?"

ஆரின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

என் வாய் தானாக முணுமுணுத்தது. "ஐந்நூறுக்கு அஞ்சு, அறுநூறுக்கு எட்டு..." அது பஸ் கணக்கு இல்லை. ஐந்நூறு கெஜத்துக்கு டயலைக் கூடுதலாக ஐந்து கிளிக் திருக வேண்டும், அறுநூறுக்கு எட்டு. என் வாயில் மண் விழ, காலையில் அதை வைத்துத்தான் கேலி பேசினேன்.

"அவளுக்குத் தெரியாது" என்றார் ஆரின். முகத்தை மூடிய கையை எடுக்கவில்லை. "மான் ரெண்டு எட்டு வச்சா காட்டுக்குள்ள போயிடும். குனிஞ்சு பாத்தேன், டேப் இல்ல. எங்கேன்னு யோசிக்கறதுக்குள்ள கை பழக்கத்துல டயலைத் திருகி சுட்டுடுச்சு. டெல்லு அங்க நின்னது எனக்கு எப்படித் தெரியும்? மானை என் பக்கம் திருப்பி விடத்தான் சுத்தி வந்திருக்கான். சண்டை போட்டுக்கிட்டே உதவி செய்யறவன், சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்."

"அப்புறம்?"

"கீழ இறங்கி வந்தேன். லோர்னா வண்டியில காபி ஊத்திக் குடுத்தா. குளிருக்கு இதமா இருக்கட்டும்னு மூடியை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கிட்டேன். அதுல என் எழுத்து. அந்த நிமிஷத்துல இருந்துதான் நான் பேசறதை நிறுத்தினேன்."

"இதைச் சொன்னா அஜாக்கிரதைன்னு ஒரு வருஷத்துல விட்டுடுவாங்க, ஆரின். வீட்டுக்குப் போயிடலாம்."

"போயி? தினம் காலையில அவ எனக்குக் காபி ஊத்துவா. ஊத்தறப்பல்லாம் சித்தப்பாவை நினைப்பா. அவளைப் பாதி வளத்தது டெல்லுதான், நார்மா. நான் செத்தாலும் அவளுக்கு இது தெரியக் கூடாது. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

*

படி ஏறும்போது மணி ஒன்றரை.

"சொல்ல வேண்டாம் பாஸ்" என்றேன். "அந்த மனுஷன் கெஞ்சறார்."

"நம்மளை வேலைக்கு வச்சது அப்பன் இல்ல, பொண்ணு" என்றார் நார்மா. ஆனால் அவர் படிகளை ஒவ்வொன்றாக, மெதுவாக ஏறினார். என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

லோர்னா வண்டியைவிட்டு இறங்கி ஓடிவந்தாள். கையில் ஃபிளாஸ்க். "கிடைச்சுதா?"

நார்மாவின் கண் மூடியின்மேல் போய் நின்றது. என் கண்ணும்தான்.

"ஓ, இதுவா?" என்றாள் லோர்னா. "லைல் காலையில கேட்டார்ல, பஸ் கணக்கெல்லாம் இல்ல. அப்பா துப்பாக்கியில ஒட்டியிருந்துச்சு. துடைக்கறப்ப ஓரம் பிரிஞ்சுது, எண்ணெய் பட்டு அவர் எழுத்து அழிஞ்சுடப் போகுதேன்னு எடுத்து இதுல ஒட்டி வச்சேன். திரும்ப ஒட்டணும்னு இருந்தேன், மறந்தே போச்சு. அப்பா வீட்டுக்கு வந்ததும்..."

அவள் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டாள். என் வாயைத்தான் மூடத் தெரியாதென்றால் என் முகத்தையும் எனக்கு மூடத் தெரியவில்லை.

"நார்மா, இது என்ன?"

நார்மா சொன்னார். நான்கே வாக்கியம். மெல்லவும் இல்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. லோர்னா அழவில்லை. நகத்தால் டேப்பின் ஓரத்தை நெம்பி, கிழியாமல் உரித்து, உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் ஓடினாள்.

கோர்ட்டில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. டைனரின் மூலை மேஜை மொத்தமும் இரண்டாம் வரிசையில். லோர்னா தடுப்பைத் தாண்டி நின்று, "தப்பு என்னோடது" என்று கத்தினாள். நார்மா குழல், டயல், சிலந்திக் கூடு, பசைத் தடம் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். அரசு வக்கீலுக்கு முகம் சுண்டிப் போனது. ஜட்ஜம்மா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு டேப்பைப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு அடுத்த கிறிஸ்துமஸுக்குள் ஆரின் வீட்டில் இருப்பார் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

"மிஸ்டர் ஸ்டாட்லர், இது உங்க எழுத்தா?"

"ஆமா."

"இதை உங்க மகள் எடுத்தது உங்களுக்குத் தெரியாதா?"

ஆரின் திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"அவ எடுக்கல" என்றார். "நான்தான் பிச்சு அவ ஃபிளாஸ்க்ல ஒட்டினேன். என்னைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்றா."

"அப்பா!"

"நான் சுட்டது ஆறரைதான்." இரண்டாம் வரிசையில் யாரோ 'ஆறரையா?' என்று கிசுகிசுத்தார்கள். ஆரின் அந்தப் பக்கம் திரும்பி, அவர்களுக்காகவே இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார். "ஆமா, ஆறரை. டயலுக்கு மேல எத்தனை சேக்கணும்னு எனக்கு மனப்பாடம், டேப் எல்லாம் தேவையே இல்ல. வேணும்னுதான் சேக்கல. குண்டு வயித்துக்குக் கீழ போகும்னு தெரியும். பின்னாடி டெல்லு நின்னதும் தெரியும். வக்கீல் சரியாத்தான் சொன்னார். ஆரின் ஸ்டாட்லர் குறி தப்பமாட்டான்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை இதுதான். அரசு வக்கீலிடம் அதுவரை இருந்தது ஊர்ப் பேச்சு மட்டும். இப்போது குழல், டயல், டேப் என்று மூன்று சாட்சியங்கள். மூன்றையும் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தது நாங்கள்.

ஜட்ஜம்மா இருபது வருடம் என்றார். ஆரின் தலையாட்டினார்.

தாழ்வாரத்தில் லோர்னா நார்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவர் பொய் சொல்றார்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப நிரூபிங்க. அதுக்குத்தான உங்களை வச்சேன்?"

"நிரூபிக்கறதுக்கு இருக்கற ஒரே சாட்சி அவர்தான், லோர்னா."

லோர்னா பிடித்திருந்த கோட்டை விட்டாள். நார்மா என் பக்கம் திரும்பினார். அத்தனை வருடத்தில் அன்றுதான் முதல்முறையாக, நான் ஏதாவது பேசமாட்டேனா என்பதுபோல் என்னைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் இல்லை.

செய்ய வேறெதுவும் இல்லாததால் லோர்னா ஃபிளாஸ்க்கைத் திறந்து மிச்சக் காபியை ஊற்றி என்னிடம் நீட்டினாள். மூடியில் விரல் நீளத்துக்கு ஒரு செவ்வகம் மட்டும் மங்கலாக இருந்தது. காபி ஆறிப்போயிருந்தது. வாங்கிக் குடித்தேன்.